கோட்டுக்கு மூச்சுவிட இடம்

புள்ளிமானுக்கு விலை ஒட்டிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் திருகோணமலையில் இருந்தார்.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். மான் எப்படி அகப்பட்டது என்கிறார்கள். எங்கள் ஊரில் மானைப் பார்க்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை, சந்தைக்குப் போனால் போதும். வாழைப்பழத் தோலையும் கடதாசியையும் தின்றுகொண்டு, சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் வழி விடாமல் நடுவீதியில் நிற்கும். அப்படி நின்ற ஒன்றின் விலாவில் ஒரு நாள் காலை "இறால், 500 கிராம்" என்று ஒரு லேபல் ஒட்டியிருந்தது. கீழே கறுப்புக் கோடுகள், அதற்குக் கீழே விலை. அதைப் பார்த்த ஒரு மீன்காரர், இந்த விலைக்கு மான் மலிவுதான் என்று சொன்னாராம்.

ஒட்டியவர் ஸ்டிக்கர் அண்ணை. ஏன் ஒட்டினார் என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் எங்கள் கஷ்டம்.

பாலையூற்றில் இருந்து சைக்கிளில் வருவார். வெள்ளைச் சேட்டு, கறுப்புக் காற்சட்டை. வேலைநாளிலும் அதுதான், கோயில் திருவிழாவிலும் அதுதான். "கறுப்பும் வெள்ளையும் தவிர மற்ற நிறமெல்லாம் மெஷினுக்குச் சரியா விளங்காது தம்பி. மெஷினுக்கு விளங்காததை மனுசன் ஏன் போடவேணும்?" என்பார். சேட்டுப் பையில் எப்போதும் ஒரு சின்ன இரும்பு அடிமட்டம் இருக்கும். தேத்தண்ணிக் கடையில் வடை வாங்கினாலும் அதை எடுத்து ஒரு தரம் அளந்துவிட்டுத்தான் கடிப்பார். கடைக்காரர் தொடக்கத்தில் கோபித்தார். பிறகு, அண்ணை அளந்த வடை என்று பெருமையாகச் சொல்லி விற்றார்.

தன் பட்டப்பெயரில் அவருக்குச் சரியான கோபம். பட்டப்பெயர் வைத்ததற்காக அல்ல, அதில் இருந்த பிழைக்காக.

"ஸ்டிக்கர் எண்டுறது ஆட்டோவுக்குப் பின்னால ஒட்டுறது. நான் செய்யிறது லேபல். லேபல் அண்ணை எண்டு கூப்பிடுங்கோ, திரும்பிப் பார்க்கிறன்."

ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் தன்னைத்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

நாங்கள் வேலை செய்தது துறைமுகத்தடி ஒழுங்கை ஒன்றில் இருந்த கடலுணவுக் கொம்பனியில். முதலாளி கிண்ணியாக்காரர், எல்லோருக்கும் அவர் ஹாஜியார். கொட்டியாரக் குடாவில் பிடிபடும் இறால் எங்களிடம் வரும். கழுவி, பாக்கெட் போட்டு, உறைய வைத்து, கொழும்புக்கு ஏற்றுவோம். நான் லொறிக்கு பில் எழுதும் கிளாக்கர். சமாதானம் முறிந்து சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம். ஒரு கிழமை கடலுக்குப் போகலாம் என்பார்கள், மறு கிழமை போகக் கூடாது என்பார்கள். போகலாம் என்ற கிழமையில் பாதை பூட்டியிருக்கும். பாதை திறந்த கிழமையில் இறால் இருக்காது. ஆட்களை வீட்டுக்கு அனுப்புவதா என்று ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கொழும்பில் இருந்து ஒரு பெரிய சுப்பர் மார்க்கெட் எங்கள் இறாலைக் கேட்டது. ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒவ்வொரு பெட்டியிலும் பார்கோட் இருக்கவேண்டும். மெஷினைக் காட்டினால் "பீப்" என்று வாசிக்கவேண்டும். வாசிக்காத சாமான் வந்த வழியே திரும்பி வரும்.

"இறாலுட ருசியப் பத்தி அவன் ஒரு வார்த்த கேக்கல்ல," என்று ஹாஜியார் என்னிடம் அங்கலாய்த்தார். "கோடு இருக்கா எண்டுதான் கேக்கிறான்."

அப்போது டோஹாவில் இருந்து திரும்பி வந்து சும்மா இருந்த ஒருவரைப் பற்றி யாரோ சொன்னார்கள். அங்கே ஒரு சுப்பர் மார்க்கெட் களஞ்சியத்தில் லேபல் அடிக்கும் வேலை பார்த்தவராம். மற்றவர்கள் வெளிநாட்டில் இருந்து ரீவியும் தங்கமும் கொண்டுவந்தபோது இவர் ஒரு பழைய பார்கோட் ஸ்கேனரைச் சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்தவராம். ஹாஜியார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"தம்பிக்குக் கோடு போடத் தெரியுமா?"

"கோடு ஆரும் போடுவினம் ஹாஜியார். விசயம் கோட்டில இல்லை, வெளியில. கோட்டுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒண்டுமில்லாத வெள்ளை வெளி இருக்கவேணும். அப்பதான் எங்க தொடங்குது, எங்க முடியுது எண்டு மெஷினுக்கு விளங்கும். கோட்டுக்கு மூச்சுவிட இடம் வேணும்."

ஹாஜியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவரு பேசுறது இறால் யாவாரம்தானே?"

ஊரில் வேறு ஆள் இல்லாததால் வேலை கிடைத்தது.

லேபல் அடிக்கும் பிறிண்டர் கொழும்பில் இருந்து வந்தது. அண்ணை அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். நன்கு யோசித்து வைத்த பெயர். அதற்குக் காற்று வேண்டும், தூசு ஆகாது, பக்கத்தில் யாரும் சத்தம் போடக் கூடாது, கேட்ட அளவில் கேட்ட றிபன் வரவேண்டும். அவ்வளவும் செய்த பிறகும் ஒரு நாள் காரணமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்துவிடும். இறால் நாற்றத்துக்கு வரும் இலையானில் இருந்து காப்பாற்ற அதற்குக் கட்டிலுக்குப் போடும் நுளம்பு வலையைக் கட்டினார். கரண்ட் போய் வந்தால் உடனே வேலை தொடங்க விடமாட்டார். "மாப்பிள்ளை இப்பதான் எழும்பினவர். கொஞ்சம் பொறுங்கோ" என்று கதவடியில் காவல் நிற்பார்.

எங்களுக்கு லேபல் என்றால் ஒரு துண்டுக் கடதாசி. அவருக்கு அது ஒரு காணி. இடப்பக்க மேல் மூலையில் இருந்து குறுக்கே இத்தனை புள்ளி, கீழே இத்தனை புள்ளி என்று அளந்து, இந்த இடத்தில் பெயர், இந்த இடத்தில் நிறை, இந்த இடத்தில் கோடு என்று கொம்பியூட்டரின் கறுப்புத் திரையில் வரிவரியாக ப்ரோக்ராம் எழுதுவார். எழுதி முடித்ததும் எழுந்து நின்று சத்தமாக வாசிப்பார். மில்லிமீற்றருக்கு எட்டுப் புள்ளி என்ற கணக்கு இரத்தத்தில் ஊறிப்போய், "தம்பி, அந்தக் கதிரையை ஒரு நாற்பது புள்ளி அங்கால தள்ளும்" என்பார். நான் தள்ளுவேன். "கூடிப்போச்சு" என்பார்.

பார்கோட்டின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களுக்குக் காவலாளி என்பது இன்னொரு பாடம். முன்னால் உள்ளவற்றைக் கூட்டிப் பெருக்கினால் அது சரியாக வரவேண்டும், வராவிட்டால் எங்கோ பிழை. இந்தக் கணக்கை அவர் லேபலோடு நிறுத்தியிருக்கலாம். என் வீட்டுக்குப் புதிதாக ரெலிபோன் வந்தபோது ஆசையாக நம்பரைச் சொன்னேன். கண்ணை மூடி உதட்டை அசைத்துக் கணக்குப் பார்த்தார். "தம்பி, கடைசி இலக்கம் பிழை. மாத்தித் தரச் சொல்லும்" என்றார். கடைசிவரை அந்த நம்பருக்கு அவர் அழைக்கவே இல்லை. பாலையூற்றில் இருந்து சைக்கிள் மிதித்து வந்து சொல்லிவிட்டுப் போவார்.

லேபல் பழகும் காலத்தில் ஒபிஸில் எல்லாவற்றிலும் ஒட்டினார். கதிரை, மேசை, அலுமாரி, ஹாஜியார் தேத்தண்ணி குடிக்கும் கோப்பை. ஒரு வெள்ளிக்கிழமை ஹாஜியார் அப்படி ஒரு கதிரையில் இருந்துவிட்டு நேரே கிண்ணியாவுக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போனார். அவருடைய வெள்ளைச் சாரத்தின் பின்பக்கத்தில் "இறால், பெரியது" என்று இருந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் பந்தியில் இறால் இருக்கிறது என்று நம்பிக் கடைசிவரை கையைக் கழுவாமல் இருந்தார்களாம்.

இனி மான். உறைந்த பாக்கெட்டில் ஒட்டும் லேபல் குளிரையும் ஈரத்தையும் குலுக்கத்தையும் தாங்கவேண்டும் என்றார் அண்ணை. குளிருக்கு ஐஸ் அறை இருந்தது. ஈரத்துக்குத் தன் நெற்றியையே கொடுத்தார். லேபலை ஒட்டிக்கொண்டு கடலில் முழுகினார், கிணற்றில் குளித்தார், கோயிலுக்கும் போனார். ஐயர் அதன் ஓரத்தில் கவனமாகத் திருநீறு பூசிவிட்டாராம். குலுக்கத்துக்குத்தான் வழி இல்லாமல் இருந்தது.

"கொழும்பு போய்ச் சேருமட்டும் லொறி குலுங்கும் தம்பி. நாள் முழுக்கக் குலுங்கிறதுக்கு என்னட்ட வேற என்ன இருக்கு?" என்று சந்தைப் பக்கம் பார்த்தார்.

மறுநாளும் அந்த மானைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். கோடுகள் அப்படியே இருந்தன. விலையை மட்டும் இன்னொரு மான் நக்கித் தின்றிருந்தது. சோதனை வெற்றி என்று அறிவித்தார்.

இவ்வளவு பாடுபட்டு முதல் லொறியை அனுப்பினோம். அண்ணை ஒவ்வொரு லேபலையும் தன் கையால் ஸ்கேன் பண்ணித்தான் பாக்கெட் போடும் அறைக்குக் கொடுத்தார். எல்லாம் பீப். ஒன்றுகூடத் தவறவில்லை.

கொழும்பில் இருந்து வந்த அழைப்பை நான்தான் எடுத்தேன். பெட்டியும் வாசிக்கவில்லை, பெட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளே பாக்கெட்டும் வாசிக்கவில்லை, அத்தனையும் திரும்பி வருகிறது, இன்னும் ஒரே ஒரு லொறி பார்ப்போம், அதுவும் இப்படி என்றால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். ஹாஜியாரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நாங்கள் இவ்வளவு பயந்திருக்க மாட்டோம்.

"அடுத்த லொறியும் திரும்பி வந்தா ஐஸ் ரூமைப் பூட்டுற," என்றார் மெதுவாக. "ஒங்க எல்லாரையும் வீட்ட அனுப்புற. எனக்கு வேற வழி தெரியல்ல."

வீட்டுக்கு அனுப்புவது என்பது எளிதாகச் சொல்லும் சொல். எங்களில் சிலருக்கு வீடே இல்லை. பாக்கெட் போடும் அறைக்குப் பொறுப்பாக இருந்த அக்கா சம்பூரில் இருந்து ஷெல் அடிக்குள் ஓடி வந்தவர். சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் இருந்த முழுக் குடும்பமும் அவருடைய சம்பளத்தில்தான் சாப்பிட்டது. சம்பூர் அக்கா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம்.

அன்று ஸ்டிக்கர் அண்ணை வடையை அளக்காமல் தின்றார். கடைக்காரர் ஓடி வந்து, "அண்ணைக்கு வீட்டில ஏதும் நடந்திட்டுதோ?" என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார்.

திரும்பி வந்த பெட்டிகள் வழியில் உருகிக் கரைந்து நாறிப்போய் வந்ததால் அண்ணை லேபலைப் பார்க்கும் முன்பே அள்ளிப் புதைத்துவிட்டார்கள். அண்ணை ஐஸ் அறைக்குப் போடும் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "மாப்பிள்ளையிட்டப் பிழை இல்லை. கொழும்பில வாசிக்கேல்லை. அப்ப இடையில ஏதோ நடக்குது. லேபல் பிறந்ததில இருந்து லொறியில ஏறுமட்டும் பின்னால போகப்போறன். நீரும் வாரும்."

போனோம். புதிதாக அடித்த லேபல் சுருளை அக்காவின் மேசையில் வைத்தார். ஸ்கேன் பண்ணினார், பீப். அக்கா சுருளை எடுத்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். காதோரம் செருகியிருந்த நீலப் பேனையை எடுத்து, முதல் கோட்டுக்கு முன்னால் இருந்த வெள்ளை வெளியில் அழகாக ஒரு "உ" போட்டார். அடுத்த லேபலிலும் போட்டார். அண்ணை மறுபடி ஸ்கேன் பண்ணினார். சத்தம் வரவில்லை.

"அக்கா, என்ன செய்யிறீங்கள்?"

"பிள்ளையார் சுழி அண்ணை. சுழி போடாம ஒரு வேலையைத் தொடங்கலாமே?"

"ஒவ்வொரு பாக்கெட்டிலயுமோ?"

"ஒவ்வொரு பாக்கெட்டும் வேற வேற வீட்டுக்குத்தானே போகுது!"

"அந்த இடத்திலதானோ போடவேணும்?"

"வேற எங்க? சுழிக்கெண்டே நல்ல வெள்ளையா இடம் விட்டு வைச்சிருக்கிறீங்கள். மனுசனுக்கு எவ்வளவு பக்தி எண்டு நான் இஞ்ச எல்லாரிட்டயும் பெருமையாச் சொன்னனான்."

அண்ணை பெட்டி கட்டும் பக்கம் நடந்தார். பெட்டிகள் லொறியில் ஏறும் வாசலில் ஹாஜியார் நின்றார். கையில் மொத்தமான மார்க்கர் பேனை. பெரிய பெட்டி லேபலின் வலப்பக்கத்தில், கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில், பிஸ்மி சொல்லி "786" என்று எழுதிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"தம்பி, இந்தப் பக்கம் எனக்கெண்டு விட்ட இடம்தானே? நான் அப்பவே வெளங்கிக்கிட்ட."

அண்ணை பக்கத்தில் இருந்த ஐஸ் பெட்டியில் அப்படியே இருந்துவிட்டார். உலகத்திலேயே சுத்தமான இரண்டு வெள்ளை வெளிகளைப் போட்டுக் கொடுத்த மனிதர். ஒன்றில் பிள்ளையார், மற்றதில் பிஸ்மி.

அவர் இலேசில் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. முன்பு ஹாஜியார் லேபலில் ஒரு இறால் படம் கேட்டபோது, கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி நிலமும் தரமாட்டேன் என்று சாப்பிடாமல் இருந்தவர். இப்போதும் எழுந்து போய் அக்காவிடம் விளக்கினார். மெஷினின் சிவப்பு வெளிச்சத்துக்கு நீல மையும் கறுப்பு, சுழியையும் ஒரு கோடு என்று நினைத்துக் குழம்பிவிடுகிறது, தயவுசெய்து சுழி போடவேண்டாம் என்றார்.

அக்கா பேனையை மேசையில் வைத்தார். "சம்பூரில வீடு போச்சு. மாடு போச்சு. கையில எடுத்துக்கொண்டு வர ஏலுமா இருந்தது இது ஒண்டுதான். இதையும் விடச் சொல்லுறீங்களோ அண்ணை?"

அண்ணை தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

"விட வேண்டாம் அக்கா," என்றார். "இடத்தை மாத்துவம். மேல் மூலையில மாப்பிள்ளையே சுழி போடுவார்."

அவர் தானாக ஒரு லேபலை மாற்றியதை அன்றுதான் பார்த்தேன். ஆனால் அக்கா அதற்கும் சம்மதிக்கவில்லை. மெஷின் போடுவது சுழி ஆகுமா, கையால் போடவேண்டாமா என்றார். அண்ணை கணக்குக் கொப்பியில் இருந்து சதுரத் தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, அதில் பெரிதாக ஒரு சுழி போடச் சொன்னார். பிறகு அந்தச் சுழி எந்த எந்தச் சதுரத்தைத் தொடுகிறது என்று பார்த்து ஒவ்வொன்றையும் கறுப்பாக்கினார். ஒரு சதுரம் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளை அப்படியே ப்ரோக்ராமில் எழுதினார்.

"இது உங்கட கையெழுத்து அக்கா. மாப்பிள்ளை பார்த்து எழுதுறார், அவ்வளவுதான்."

வெளியே வந்த லேபலை அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஓம். வால் நான் போடுற மாதிரியே கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு," என்று சிரித்தார்.

786 சாதாரண இலக்கம், மாப்பிள்ளைக்கே தெரியும் என்று அண்ணை ஹாஜியாரிடம் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. "அவங்களுக்குக் கையெழுத்து, எனக்கு மட்டும் மெஷின் எழுத்தா?" என்று ஹாஜியாரும் சதுரத் தாள் வாங்கிப்போனார். புது லேபலின் இடப்பக்க மேல் மூலையில் சுழி, வலப்பக்க மேல் மூலையில் 786. கீழே கோடுகள், இரண்டு பக்கமும் வெறும் வெள்ளை. மேலே இடம் எடுப்பதற்காகக் கோட்டின் உயரத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. சொந்தக் காணியை எழுதிக் கொடுப்பவர் மாதிரிப் பெருமூச்சு விட்டுக்கொண்டு குறைத்தார்.

"இந்த முறை நானும் லொறியில போறன். லேபலைத் தனிய அனுப்பமாட்டன்," என்றார். மடியில் ஒரு பெரிய பை இருந்தது. சாப்பாட்டுப் பொதி என்று நினைத்துக்கொண்டு நானும் பில் கட்டோடு ஏறினேன்.

நகரத்தைத் தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் மறித்தார்கள். வழமைபோல எல்லாப் பெட்டியையும் இறக்கச் சொன்னார்கள். இறக்கினோம். வெயில் தார் உருகும் வெயில். பெட்டிகளின் அடியில் ஈரம் கசியத் தொடங்கியது. ஒரு இளம் ஆமிக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்து மூடி, பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளமாக மார்க்கர் பேனையால் ஒரு பெரிய சரி போட்டார். போட்ட இடம் லேபல். கோட்டுக்கு இடப்பக்கம், வெள்ளை வெளி.

இரண்டாவது பெட்டிக்குப் பேனை போனபோது "ஐயோ, அதில வேண்டாம்!" என்று ஒரு சத்தம். அண்ணை பாய்ந்து போய்ப் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றார். ஆமிக்காரர் திகைத்துப் பின்வாங்கினார். மெஷினால் காட்டினால் விளங்கும் என்று நினைத்து அண்ணை பைக்குள் கையை விட்டு ஸ்கேனரை எடுத்தார். துவக்குப் பிடி மாதிரி ஒரு பிடி, விரல் வைக்கும் விசை, அதில் இருந்து தொங்கும் வயர், வயரின் முனையில் கரண்ட் இல்லாத இடத்துக்கென்று அவரே பொருத்திய மோட்டார் சைக்கிள் பற்றரி. விசையை அழுத்தினார். சிவப்பு வெளிச்சம் ஆமிக்காரரின் நெஞ்சில் விழுந்தது.

அந்தக் காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் காட்டக் கூடாத எல்லாவற்றையும் அவர் ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். சுற்றிவர இருந்த துவக்குகள் எல்லாம் எங்களைப் பார்த்துத் திரும்பின. லொறிச் சாரதி நிலத்தில் படுத்தார். நான் கையைத் தூக்கினேன். பில் கட்டு கையில் இருந்ததால் பில்லும் மேலே போனது. எனக்குத் தெரிந்த தேவாரம் எல்லாம் மறந்துபோய்விட்டது. உள்ளே இருந்து ஒரு அதிகாரி வந்தார்.

"என்ன அது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அண்ணையின் சிங்களம் டோஹாவில் ஒரே அறையில் இருந்தவர்களிடம் பழகியது. முக்கால்வாசி சமையல் சம்பந்தமானது. அதை வைத்துக்கொண்டு, "சேர், இது துவக்கு இல்லை, இறால் வாசிக்கிற மெஷின்" என்றார்.

அதிகாரி பெட்டிகளைச் சுட்டிக்காட்டினார். பிறகு, "வாசி" என்றார்.

அண்ணை மெதுவாகக் குனிந்து, பேனை படாத பெட்டியைக் காட்டினார். பீப். சரி போட்ட பெட்டியைக் காட்டினார். சத்தமில்லை. மறுபடி இது, பீப். மறுபடி அது, சத்தமில்லை. அதிகாரி கையை நீட்டி ஸ்கேனரை வாங்கினார். தானும் ஒன்றைக் காட்டினார். பீப். இன்னொன்றையும் காட்டினார். பீப். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அப்போது லேபலின் மேல் மூலைகள் கண்ணில் பட்டன.

"இந்த இரண்டு அடையாளமும் என்ன? இரகசிய எழுத்தா?"

"இது ஒரு அக்காவின்ட கடவுள் சேர். இது முதலாளியின்ட கடவுள். கீழ இறால்."

அதிகாரியின் மணிக்கட்டில் புத்த விகாரையில் கட்டிய வெள்ளை நூல் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டி, "அப்போ எங்கட ஆளுக்கு இடம் இல்லையா?" என்றார்.

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் என்ன கேட்டாலும் தருகிறேன் என்று சொல்லியிருப்பார்கள். அண்ணை அடிமட்டத்தை எடுத்தார். அத்தனை துவக்குக்கும் நடுவில் குனிந்து லேபலை அளந்தார்.

"மேல நடுவில இடம் இருக்கு சேர். அடுத்த முறை அடிச்சுக்கொண்டு வாறன். ஆனா கோட்டுக்குப் பக்கத்தில மட்டும் ஏலாது. அதுக்கு மூச்சுவிட இடம் வேணும்."

அதிகாரி சிரிக்கத் தொடங்கினார். பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். சாரதி படுத்தபடியே சிரித்தார். இனிமேல் பெட்டியின் பின்பக்கத்தில் சரி போடும்படி அதிகாரி சொன்னார். பேனை பட்ட அந்த ஒரு பெட்டிக்கு அண்ணை சேட்டுப் பையில் இருந்து புது லேபல் எடுத்து ஒட்டினார். ஆமிக்காரர்களே கைகொடுத்துப் பெட்டிகளை ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் லொறி அந்த வழியில் போகும்போதெல்லாம் சிங்களத்தில் அவரைப் பீப் ஐயாவாக்கி, "பீப் மாத்தயா வரவில்லையா?" என்று விசாரிப்பார்கள். லேபலில் மேல் நடுவில் ஒரு சின்னத் தாமரைப் பூவும் சேர்ந்துகொண்டது.

அன்று கொழும்பில் சாமான் இறக்கும் இடத்தில் முதல் பெட்டியைக் காட்டினார்கள். பீப். இரண்டாவது, பீப். பிறகு வரிசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அண்ணை கண்ணை மூடி, நாதஸ்வரக் கச்சேரி கேட்பவர் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். நான் ஊருக்கு அழைத்துச் சொன்னேன். ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் என்றார். பின்னால் சம்பூர் அக்கா அழுகிற சத்தம் கேட்டது. ஐஸ் அறை பூட்டப்படவில்லை. சண்டை முடியும்வரை எங்கள் ஒருவரையும் ஹாஜியார் வீட்டுக்கு அனுப்பவில்லை.

போன வருஷம் ஒரு மத்தியானம், மாப்பிள்ளைக்கு முன்னால் கதிரையில் இருந்தபடியே ஸ்டிக்கர் அண்ணை போய்விட்டார். அது மூன்றாவது மாப்பிள்ளை. நுளம்பு வலை மட்டும் பழையது.

மரண அறிவித்தல் அடித்து வந்தது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, அது அவருக்குப் பிடித்திருக்கும். பெயரைப் பார்த்து யாருக்கும் ஆளைத் தெரியாது என்பதால் கீழே "ஸ்டிக்கர் அண்ணை" என்று போட்டிருந்தார்கள், அது பிடித்திருக்காது. நானும் சம்பூர் அக்காவும் பசை வாளியோடு சந்தை மதிலுக்குப் போனோம். ஹாஜியாருக்கு இப்போது நடக்க ஏலாது. வரத்தான் வேண்டும் என்று ஆட்டோவில் வந்து உள்ளேயே இருந்தார்.

மதில் முழுவதும் ரியூஷன் நோட்டீஸ். மான் எட்டாத உயரத்தில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. ஒட்டினேன். இரண்டு பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டு வேறு எழுத்துகள் நின்றன. எனக்கு மனம் கேட்கவில்லை. இடப்பக்க நோட்டீஸை நகத்தால் உரிக்கத் தொடங்கினேன்.

"ஒட்டியாச்சுதானே மகன், இன்னும் எதுக்கு உரிக்கிற?" என்று ஹாஜியார் ஆட்டோவுக்குள் இருந்து கேட்டார்.

அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு வலப்பக்க நோட்டீஸை உரிக்கத் தொடங்கியிருந்தார். திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"உரிக்கட்டும் ஹாஜியார். அண்ணைக்கு மூச்சுவிட இடம் வேணும்."